வசனத்திலிருந்து சம்பளச் சீட்டுக்கு: தோட்டப் பட்டணத்து ஜெபக்கூட்டங்களுக்கு ஒரு வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வாரநாள் இரவில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பங்களைக் கேட்டால், நோயும் பிள்ளைகளின் தேர்வும் முதலில் வரும். பிறகு தயங்கித் தயங்கி, இந்த மாதம் சம்பளம் குறைந்துவிட்டது, வட்டிக்காரன் வாசலுக்கு வந்துவிட்டான், பேரனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்பனவும் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே விதமாக ஜெபித்துவிட்டுத் தேநீருக்கு எழுந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எளியவர்களுக்குத் தகப்பனாக இருந்ததாகச் சொல்லும் யோபு, அதே மூச்சில், தான் அறியாத வழக்கையும் ஆராய்ந்ததாகச் சொல்கிறார் (யோபு 29:16). வசனத்துக்கும் செயலுக்கும் நடுவே இந்த ஆராய்ச்சி இருந்தாக வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படும் முறையின் அடிப்படை.

வேதபகுதியைத் தேர்ந்தெடுத்தல்

விண்ணப்பம் வந்த அன்றே தீர்ப்புச் சொல்லாமல், அடுத்த கூட்டத்துக்கு அதற்கேற்ற வேதபகுதியை ஒருவர் தயார் செய்துகொண்டு வரட்டும். ஒற்றை வசனத்தை எடுத்துக்கொள்வது ஆபத்து. எரேமியா 29:11 நம் வீடுகளில் நாட்காட்டியாகவும் சுவர்ப்படமாகவும் தொங்குகிறது. அதற்கு நான்கு வசனம் முன்னால், சிறைபட்டுப்போன நகரத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் கட்டளையிடுவதை எந்த நாட்காட்டியும் அச்சிடுவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்த ஊரின் நலத்தில் உங்கள் நலம் இருக்கிறது என்று பாபிலோனில் இருந்தவர்களுக்கு எழுதப்பட்டதை, கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் முழுவதுமாக வாசிப்பது நல்லது.

வாசித்தபின் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது யாரைக் குற்றப்படுத்துகிறது என்பதன்று. இது முதலில் நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதே. இரண்டாவது, இந்தக் காரியத்தில் நமக்குத் தெரியாதது எது, அதை யாரிடம் போய்க் கேட்பது. மூன்றாவது, யார், எந்த நாளில் போவது. மூன்றாவதற்கு ஒரு பெயரும் தேதியும் எழுதப்படவில்லையென்றால் முதலிரண்டும் பேச்சோடு நின்றுவிடும்.

கூலியைப் பற்றி

உபாகமம் 24:14, 15 கூலிக்காரனுக்கு அன்றைய கூலியை அன்றே, பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது; அவன் சகோதரனானாலும் அந்நியனானாலும் ஒரே சட்டம். இதை வாசித்ததும் எல்லாருடைய நினைவும் தோட்ட நிர்வாகத்தின்மேல் பாயும். ஆனால் ஆலயத்தைக் கூட்டுகிறவருக்கும் புல் வெட்ட வருகிற இந்தோனேசியருக்கும் நம் சபை எந்தத் தேதியில் கூலி கொடுக்கிறது? காணிக்கை சேர்ந்ததும் கொடுப்போம் என்பது பதிலானால், அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்தவர் கணக்கைக் கேட்கப் போக வேண்டும்.

அதன்பின் சம்பளச் சீட்டை மேசைமேல் விரிக்கலாம். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை அறுப்பவரின் சீட்டில் அறுத்த எடை, டன்னுக்கு விலை, உதிரிப்பழத்துக்குக் கிடைத்தது என்று ஒரு பக்கமும், சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), முன்பணம், பழுக்காத காய்க்குலைக்குப் பிடித்தது என்று மறுபக்கமும் இருக்கலாம். ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்து, இது என்ன என்று அவரிடமே கேளுங்கள். அவருக்கு விளங்காத வரியின் பக்கத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அவர் தினமும் தன் கையால் குறித்துவைத்த கணக்கு இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு) முடிந்ததிலிருந்து குறிக்கத் தொடங்கச் சொல்லுங்கள். நிறுவையில் அநியாயம் செய்யாதே என்ற லேவியராகமம் 19:35 தராசு வைத்திருப்பவருக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. பழுக்காத குலையைக் குவியலின் அடியில் மறைக்கிற நம்மவருக்கும் அது பொருந்தும்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கையில் கிடைக்க வேண்டும். எவற்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கும் அதில் வரம்பு உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்போருக்கு மட்டும் அது அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டன் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் இந்தக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு என்பதை அறியாத தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கோடு போட்ட வரிகளை எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்டவரும் துணைக்கு ஒருவரும் முதலில் ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) மரியாதையாகப் போய் விளக்கம் கேட்கட்டும். கணக்குப் பிழையாக மட்டுமே இருந்தால் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதியிடமும், அதற்கடுத்துத் தொழிலாளர் இலாகாவிடமும் போகலாம். இலாகாவில் புகார் கொடுப்பது கிறிஸ்தவனுக்குத் தகுமா என்று கேட்கும் மூப்பர் ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார். அவரோடு வாக்குவாதம் செய்யாமல் அப்போஸ்தலர் 16:37ஐ வாசிக்கச் சொல்லுங்கள். விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, ரோமக் குடிமக்களாகிய எங்களை அவர்களே வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்று பவுல் சொல்லி அனுப்பினார். முந்தின இரவு அதே சிறையில் ஜெபித்துத் துதிபாடிக்கொண்டிருந்தவர் அவர்.

கடனைப் பற்றி

நெகேமியா 5ஆம் அதிகாரம் தோட்டப் பட்டணத்துக்காகவே எழுதியதுபோல் இருக்கும். பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள் கூக்குரலிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியார் அல்லர், சொந்தச் சகோதரர்கள். நெகேமியா கோபப்படுகிறார், ஆனால் தனக்குள் ஆலோசித்த பிறகே வாய் திறக்கிறார். தானும் தன்னைச் சேர்ந்தவர்களும் கடன் கொடுத்திருப்பதை மறைக்காமல், நாமெல்லாரும் இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்கிறார். சபைக்குள்ளேயே ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் அமர்ந்து திங்கட்கிழமை வட்டி வசூலிப்பவர் இருந்தால், போதகர் வட்டி முதலைகளைப் பற்றிப் பிரசங்கிப்பதற்கு முன் அவரைத் தனியே சந்திக்க வேண்டியிருக்கும்.

கடன்பட்ட குடும்பத்தின் விவரத்தைக் கூட்டத்தில் திறக்க வேண்டாம். குடும்பத்தார் நம்பும் இருவர் மட்டும் வீட்டுக்குப் போய், யாரிடம் எவ்வளவு வாங்கியது, இதுவரை எவ்வளவு கட்டியது, கையெழுத்திட்ட தாள் எது, வங்கி அட்டை யார் கையில் இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதட்டும். வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் உரிமம் பெற்றவர், 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி, ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கும், ஈடுள்ள கடனுக்கு 12 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி கேட்க முடியாது. வாரத்துக்கு இத்தனை என்று கேட்பவரின் வட்டியை ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். மிரட்டல் வந்தால் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்துப் போலீஸ் புகார் செய்ய வேண்டும். இந்தத் தாள் முழுமையாகும்வரை, இரக்கப்பட்டுச் சபையில் பணம் திரட்டிக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பாதி தெரிந்த கடனுக்குக் கட்டிய பணம் அடுத்த வட்டிக்கே போகும்.

பத்திரங்களும் வாக்கும்

தீபகற்பத்தில் பிறக்கும் குழந்தையை 60 நாளுக்குள் பதிய வேண்டும். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். பிறந்தநாள் ஜெபத்துக்கு வீட்டுக்குப் போகும்போதே இவற்றை விசாரித்துவிடுவது எளிது. காலம் தப்பிப்போன குடும்பத்தோடு தேசியப் பதிவிலாகாவுக்கு யாராவது உடன் போக வேண்டும். பாரத்தை மலாயில் நிரப்பத் தெரிந்த நம் இளைஞர்களுக்கு இது தகுந்த ஊழியம். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் சபையனைத்துக்கும் முன்பாக நின்று, தகப்பனின் சொத்தில் பங்கு கேட்டுத் தங்கள் வழக்கைச் சொன்னதையும் (எண்ணாகமம் 27), அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தர் தீர்த்ததையும் அந்தக் குடும்பத்தோடு வாசியுங்கள்.

உதவி பெறுகிறவர் முஸ்லிமாக இருந்தால், அது பங்களாதேஷ் தொழிலாளியாக இருக்கலாம், பக்கத்துக் கம்பத்து (மலாய்க் கிராமத்து) அம்மாவாகவும் இருக்கலாம், உதவியோடு பிரசங்கத்தைக் கலக்காதீர்கள். முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டம் அப்படி இல்லாவிட்டாலும், நல்ல சமாரியன் காயம் கட்டுமுன் எதையும் கேட்கவில்லை.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளராகப் பதியப்படுகிறார்கள். ஆனால் தொகுதியை முடிவு செய்வது அடையாள அட்டையிலுள்ள முகவரி. லயத்தை (தோட்ட வரிசை வீடுகளை) விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புக் குடியிருப்புக்கு) குடிவந்து பல ஆண்டாகியும் பழைய தோட்ட முகவரியே அட்டையில் இருப்பவர்கள் தேர்தல் அறிவிப்பு வருவதற்குள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்தல் வாரத்தில் வீட்டுக்கு வரும் அரிசிப் பையும் கைப்பணமும் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் குற்றமாகலாம். பரிதானம் (லஞ்சம்) கண்ணைக் குருடாக்கும் என்ற யாத்திராகமம் 23:8ஐ அந்த வாரத்துக்கு முன்பே கூட்டத்தில் வாசித்துவிடுங்கள், வீட்டில் பை வந்து இறங்கிய பிறகு வாசித்தால் யாரையோ குத்திக்காட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். எந்தக் கட்சிக்கு என்று போதகர் சொல்ல வேண்டியதில்லை. வேட்பாளர்கள் வந்தால் எல்லாரிடமும் ஒரே கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்: ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்களுக்கு வீட்டுக்கு என்ன வழி, இந்தத் தொகுதியில் பத்திரமில்லாத பிள்ளைகளுக்கு என்ன செய்வீர்கள். பதில்களைத் தேதியிட்டுக் கூட்டத்தின் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வென்றவரைப் பார்க்கப் போகும் நாளில் அந்தக் குறிப்பேடும் உடன் போகட்டும்.