போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்: ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகள் விசாரிக்கத் தவறுபவை

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை விடியற்காலையில் ஓடுகிற பையன்களின் எண்ணிக்கை கூடிவிடும். ஓடட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எல்லோரும் விசாரித்து வைத்திருப்பது எப்படிப் பாஸ் ஆவது என்பதை மட்டும்தான். பாஸ் ஆன பிறகு முதல் பத்து வருடம் எங்கே, என்ன வேலை பார்க்கப் போகிறோம்? எல்லாம் முடிந்த பிறகும் எதனால் வெளியே தள்ளுவார்கள்? இந்த இரண்டையும் கேட்டு வைத்தவர்கள் குறைவு. பின்னால் வருத்தப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றில்தான் மாட்டியிருப்பார்கள்.

தவறான ஆளிடம் கேட்பது

நம் பக்கத்தில் சீருடைகள் அதிகம். மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவல் படையின் (கோஸ்ட் கார்டு) நிலையம் இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம். இவை இரண்டும் மத்திய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தவை. ஊரில் நாம் ‘மரைன் போலீஸ்’ என்று சொல்வது தமிழ்நாடு காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். அது 1994-ல் தொடங்கி, 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு விரிவானது. கடலில் ஆபத்து என்றால் 1554-ஐ அழைத்தால் கோஸ்ட் கார்டு, 1093 என்றால் மரைன். எண் வேறு, துறை வேறு, ஆள் எடுக்கும் முறையும் வேறு.

‘எங்க மாமா கோஸ்ட் கார்டுல இருக்கார், அவர்கிட்ட எல்லாம் கேட்டுட்டேன்’ என்று ஒரு பையன் சொன்னால், அவன் கேட்டு வைத்திருப்பது வேறு வேலையைப் பற்றி. கோஸ்ட் கார்டில் நாவிக் (மாலுமி) பொதுப் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு வயது 22-க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். அண்மை அறிவிப்புகளின்படி பொதுப் பிரிவுக்கு 26 வயது வரை, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31 வரை விண்ணப்பிக்கலாம். வயதைப் பெரும்பாலும் அந்த ஆண்டு ஜூலை 1-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

பிளஸ் டூவில் ஃபர்ஸ்ட் குரூப் படித்த பத்தொன்பது வயதுப் பையன் எதற்கு முதலில் முயற்சி செய்ய வேண்டும்? சீக்கிரம் மூடுகிற கதவுக்குத்தான். போலீஸ் வேலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதை யாரும் எடுத்துச் சொல்லாமல், 23 வயதில் ‘கோஸ்ட் கார்டும் எழுதியிருக்கலாமே’ என்று நினைப்பவர்களைப் பார்க்கலாம். மீனவர் வீட்டுப் பிள்ளைகளைக் கடற்படைக்கும் கோஸ்ட் கார்டுக்கும் தயார் செய்ய, கடலோரப் பாதுகாப்புக் குழுமமே இலவசப் பயிற்சி நடத்துகிறது. அடுத்து எப்போது தொடங்கும் என்று மரைன் ஸ்டேஷனிலேயே கேட்கலாம். உள்ளே போகத் தயங்க வேண்டாம்.

‘நமக்குக் கடல் தெரியும், மரைன்ல போட்டுருவாங்க’

விண்ணப்பத்தில் மரைன் என்று ஒரு கட்டமே கிடையாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் இரண்டாம் நிலைக் காவலர் முதலில் போவது மாவட்ட அல்லது மாநகர ஆயுதப்படைக்கு, இல்லையென்றால் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கு. அதாவது ஏ.ஆர். அல்லது பட்டாலியன். பட்டாலியன் என்றால் மணிமுத்தாறாக இருக்கலாம், ராஜபாளையமாக இருக்கலாம், உளுந்தூர்ப்பேட்டையாகவும் இருக்கலாம். எட்டாம் அணி டெல்லி திகார் சிறைப் பாதுகாப்பில் இருக்கிறது. பாம்பன் பாலத்தைத் தாண்டியே அதிகம் போகாத பையன் திகார் மதில் மேல் நிற்க நேரலாம். அதற்குத் தயார் என்றால் சரி. தயாரில்லை என்றால் அதை இப்போதே யோசிக்க வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷன், புகார், விசாரணை என்று நாம் நினைக்கிற வேலை இதற்கெல்லாம் பிறகுதான் வரும். ஸ்டேஷன் வேலை பார்க்கும் தாலுகா போலீசுக்கு மாறும் வரை பாரா டூட்டி (காவல் நிற்பது), கைதி வழிக்காவல், பந்தோபஸ்து இவைதான் வாழ்க்கை. பந்தோபஸ்து என்றால் என்ன என்பதை மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும், நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேண்டாம். செப்டம்பர் 11-ல் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடியிலும் அக்டோபர் 28 முதல் 30 வரை தேவர் ஜெயந்திக்குப் பசும்பொன்னிலும் வெளி மாவட்டத்துப் போலீஸ்காரர்கள் சாலை ஓரத்திலும் கல்யாண மண்டபத்துத் தரையிலும் தூங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே? ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கயிறு பிடித்து நிற்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். 2021-ல் காவலர்களுக்கு வார ஓய்வு அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனாலும் பெரிய பந்தோபஸ்து வந்தால் லீவு கேட்கிற பேச்சுக்கே இடமிருக்காது. தங்கச்சி கல்யாணம் அக்டோபர் கடைசியில் என்றால், அண்ணன் தாலி கட்டும் நேரத்துக்கு வந்து போனாலே அதிர்ஷ்டம்.

சரி, பல வருடம் கழித்து மரைன் ஸ்டேஷனே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன வேலை? படகின் பதிவையும் மீனவர் அடையாள அட்டையையும் சோதிப்பது, இறங்குதுறைகளைக் கண்காணிப்பது, சந்தேகப்படும்படி நிற்கும் வண்டியை மறிப்பது. கடல் அட்டை என்னும் கடல் உயிரினம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிப்பதே குற்றம். மூட்டையோடு நிற்பவர் உங்கள் சித்தப்பாவாக இருந்தாலும் வழக்குத்தான். இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுப் பார்க்காமல் கடற்கரை ஊர்ப் பையன் மரைன் வேலைக்கு ஆசைப்படக் கூடாது என்பது என் கருத்து. கடலைத் தெரிந்திருப்பது அங்கே உதவும்தான். அந்தக் கடலில் எல்லோரையும் தெரிந்திருப்பது எத்தனை சங்கடம் என்பதை அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

பெயர் எந்த எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது என்று பார்க்காதது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்கள் போலீஸ் வெரிஃபிகேஷனில் விழுகிறார்கள்.

நம் ஊரில் வழக்கு வர அடிதடி தேவையில்லை. எருதுகட்டில் தகராறு, தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல், ஃபிளெக்ஸ் கிழிந்த சண்டை, மீனவர்களை விடுவிக்கச் சொல்லி ரயில் மறியல், எதில் வேண்டுமானாலும் இருபது முப்பது பெயர் எழுதுவார்கள். அன்று அங்கே நின்றவனுக்குத் தன் பெயர் ஏறியதே தெரியாமலும் போகலாம்.

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. வெரிஃபிகேஷனுக்கு முன் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கிறது அது. ‘கோர்ட்டில்தான் விடுதலை ஆகிவிட்டதே’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. சந்தேகத்தின் பலனை வைத்து விடுதலை ஆனாலும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை ஆனாலும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத விதி இடம் கொடுக்கிறது. 2008-ல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த விதியைச் செல்லும் என்று சொன்னது. ஊரில் பெரியவர்கள் பேசி, இரண்டு தரப்பும் சமாதானமாகி, சாட்சி மாற்றிச் சொல்லி முடிந்த வழக்குகள்தானே இங்கே அதிகம்? வீட்டுக்கு அது நல்ல முடிவு. காவலர் வேலைக்குப் போகும் பையனுக்கு அதுவே வில்லங்கம்.

வெரிஃபிகேஷன் நடக்கும்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு குற்றமற்றவர் என்று முழுமையாக விடுதலை ஆனாலோ, ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ (தவறான தகவலில் பதிவான வழக்கு) என்று போலீசே மூடிவிட்டாலோ, அடுத்த தேர்வில்தான் உரிமை கேட்கலாம். அந்த அடுத்த தேர்வுக்குள் வயது தாண்டிவிட்டால் அவ்வளவுதான். அதனால் விண்ணப்பிக்க ஒரு வருடம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி இருக்கிறது. வழக்கு இருப்பது தெரிந்தால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். மறியல் போன்ற வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட முடியும்.

அப்புறம், மறைக்காதீர்கள். வழக்கை விட, அதை மறைத்ததுதான் பலரைக் கவிழ்த்திருக்கிறது. சிறு வழக்கை மறைத்ததைப் பொறுத்துக்கொள்ள வேலை கொடுப்பவருக்கு அதிகாரம் உண்டு என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொறுத்துக்கொள்வதும் கொள்ளாததும் அவர்கள் முடிவு. அதை நம்பிப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. பதினெட்டு வயதுக்குள் நடந்த சம்பவம் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. அதையும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படகில் போய் எல்லை தாண்டியதாக இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள், படிவத்தில் கேட்டிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ஆலோசனை கேட்ட பிறகு பேனாவை எடுப்பது நல்லது.

மணலில் ஓடி நேரம் பார்ப்பது

ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். கடற்கரை மணலில் ஓடினால் கால் பலமாகும், நேரம் தெரியாது. செல்போன் ஆப் காட்டும் தூரத்தையும் நம்ப வேண்டாம். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்கு வாரம் ஒரு நாளாவது போய் ஓடிப் பாருங்கள். 400 மீட்டர் தடத்தில் 1500 என்பது மூணே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. நம் பையன்கள் முதல் சுற்றை எண்பது விநாடியில் பறந்து முடித்துவிட்டு மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி.க்கு 167. பெண்களுக்கு 159, 157. டெய்லர் டேப்பைச் சுவரில் ஒட்டி அளந்ததை நம்பி ஒரு வருடம் படித்தவர்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் உள்ள அளவுகோலில், மாலை நேரத்தில் அளந்து பாருங்கள். காலையை விடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும், அந்த அளவில் தேறினால் பயமில்லை. மார்பு 81 செ.மீ., மூச்சு இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். நிறக்குருடு இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. நீச்சலுக்கு மதிப்பெண் கிடையாது. கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், ஓட்டம் இவற்றுக்குத்தான் 24 மதிப்பெண்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல ஊருக்கு நாலு அகாடமி இருக்கிறது. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் வராவிட்டால் மெயின் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

சம்பளத்தைப் பார்த்துவிட்டுப் பதவி உயர்வைப் பார்க்காதது

இரண்டாம் நிலைக் காவலரின் சம்பள விகிதம் ரூ.18,200 – 67,100. சப் இன்ஸ்பெக்டருக்கு ரூ.36,900 – 1,16,600. டிகிரி முடித்தவர் ‘முதல்ல கான்ஸ்டபிளா உள்ள போயிருவோம், அப்புறம் எஸ்.ஐ. ஆகிக்கலாம்’ என்று நினைப்பார். காவலராகச் சேர்ந்து பணிக்காலத்தை வைத்து மட்டும் சிறப்பு எஸ்.ஐ. ஆக 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நேரடி எஸ்.ஐ. தேர்வில் பணியில் இருப்பவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டுதான். ஆனால் பாரா முடித்துவிட்டு வந்து படிக்கத் தெம்பு வேண்டும். வயது இருந்தால் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பெண்கள், பெண் காவலரிடம்தான் கேட்க வேண்டும். பந்தோபஸ்தில் கழிப்பறைக்கு என்ன செய்கிறார்கள், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை எந்த அண்ணனும் சரியாகச் சொல்ல மாட்டார். மகப்பேறு விடுப்பு முடித்து வருபவர்களுக்குப் பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் வசிக்கும் மாவட்டத்தில் மூன்று ஆண்டு பணி என்று 2024 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. அது நடைமுறையில் கிடைக்கிறதா என்றும் அவர்களிடமே கேளுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வேலை வாங்கித் தருகிறேன் என்பவனைப் பற்றி விசாரிக்கவே வேண்டாம், அவன் திருடன். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை எந்த அகாடமியிலும் கொடுத்து வைக்காதீர்கள்.

கடைசியாகக் காகிதம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் வழியில் படித்ததாகச் சான்று வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை தங்கச்சிமடம், ஆறும் ஏழும் பாம்பன், அப்புறம் மண்டபம் என்று மாறி மாறிப் படித்திருந்தால் மூன்று பள்ளிக்கும் ஏற வேண்டும். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கும் மதிப்பெண் உண்டு, மூன்றும் சேர்த்து 6 வரை. அறிவிப்புத் தேதிக்குப் பிறகு வாங்கியவை கணக்கில் வராது. பள்ளி விடுமுறையில் தலைமை ஆசிரியரைப் பிடிப்பது கஷ்டம். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே போய் வாங்கி வைத்துவிடுங்கள், சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.