ஒளிர்வை அளக்க குயினைனை அளவுகோலாக்குவது எப்படி?

புதிதாகச் செய்த சேர்மம் நீலமாக ஒளிர்கிறது என்று மாணவர்கள் சந்தோஷமாக வந்து சொன்னால், "எவ்வளவு ஒளிர்கிறது?" என்றுதான் முதலில் கேட்பேன். உள்வாங்கிய ஃபோட்டான்களில் எத்தனை பங்கு ஒளியாகத் திரும்புகிறது என்பதே குவாண்டம் திறன். அதை ஒப்பிட்டு அளக்க நான் பெரிதும் நம்புவது, சின்கோனா மரப்பட்டையில் இருக்கும் குயினைன் என்ற ஆல்கலாய்டைத்தான். 1852இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் ஒளிர்வை ஆராய்ந்தபோது பயன்படுத்திய பொருள்களில் இதுவும் ஒன்று.

முதலில் 0.5 மோலார் கந்தக அமிலம் தயார் செய்யுங்கள். 1 லிட்டருக்குச் சுமார் 28 மி.லி. அடர் அமிலம் போதும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மெதுவாக. அதில் குயினைன் சல்ஃபேட்டைத் துளியளவு கரையுங்கள். துல்லியமாக எடை போடத் தேவையில்லை, கணக்கில் வருவது அப்சார்பன்ஸ், அதாவது கரைசல் ஒளியை எவ்வளவு உள்வாங்குகிறது என்ற அளவு மட்டுமே.

கந்தக அமிலம் இல்லையே, ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் என்ன என்று கேட்பார்கள். கூடவே கூடாது. ஒளியை உள்வாங்கிக் கிளர்ந்த நிலையில் இருக்கும் குயினைன் மூலக்கூறோடு குளோரைடு அயனி மோதினால், ஒளியாக வர வேண்டிய ஆற்றல் அப்படியே வீணாகிவிடும். சந்தேகமிருந்தால் புற ஊதா விளக்கின் கீழ் கரைசலை வைத்து, கொஞ்சம் உப்புக் கரைசல் விடுங்கள். நீலம் மங்குவது கண்ணுக்கே தெரியும். அதனால் குடுவை, கியூவெட் (கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சின்னக் கலம்) எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் நீர்க்கச் செய்தல். 350 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் 0.1ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் முன்பக்கக் கரைசலே ஒளியில் கணிசமான பங்கை விழுங்கிவிடும், எண் குறைந்து வரும். 0.02 முதல் 0.1 வரை நான்கைந்து கரைசல்கள் செய்து, 350இல் கிளர்த்தி, 450 நானோமீட்டரை ஒட்டி வரும் ஒளிர்வு வளைகோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்பை எடுங்கள். உங்கள் சேர்மத்துக்கும் அதே அலைநீளம், அதே ஸ்லிட் (கருவியில் ஒளி கடக்கும் பிளவு) அகலம். நடுவில் எதையும் மாற்றாதீர்கள்.

பரப்பை அப்சார்பன்ஸுக்கு எதிராக வரைந்தால் இரண்டு நேர்கோடுகள் கிடைக்கும். சேர்மத்தின் சாய்வைக் குயினைனின் சாய்வால் வகுத்து, 0.546ஆல் பெருக்குங்கள். 25 டிகிரி செல்சியஸில் இந்த அமிலத்தில் குயினைனின் குவாண்டம் திறன் அது.

கரைப்பான் வேறாக இருந்தால் சேர்மக் கரைப்பானின் ஒளிவிலகல் எண்ணைக் குயினைன் கரைசலின் எண்ணால் வகுத்து, அந்த விகிதத்தை இருமடியாக்கிப் பெருக்க வேண்டும். எத்தனாலில் வித்தியாசம் சிறிதுதான், டொலுவீனிலோ சுமார் 25 சதவீதம் வரும். சிவப்பில் ஒளிரும் சேர்மமாக இருந்தால் குயினைன் சரிப்படாது, ரோடமைன் என்ற சாயம் போன்ற வேறு அளவுகோலைத் தேடுங்கள்.