வெளியே தெரியாத ஹெம்மிங்: கையால் தைக்கும் முறை

ஓரத் தையல் வெளியே தெரிந்தால், தையல் பெரிதாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு நூலை இறுக்கி இழுப்பதில்தான். இழுத்த இடமெல்லாம் துணி குழிந்து, வெளிச்சத்தில் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். தளர்வாகத் தைக்கக் கை பழகினால் பாதி வேலை முடிந்தது.

பருத்தித் துணியை முதலில் அலசிக் காயவைத்து அயர்ன் செய்துவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் உயரம் குறையும், ஓரமும் நெளியும். கிராஸாக, அதாவது துணியின் இழைகளுக்குச் சாய்வாக வெட்டிய உடையை ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிடுங்கள். அது தன் எடையிலேயே இறங்கும், அதன்பின் குறித்தால்தான் ஓரம் நேராக வரும். உயரம் குறிக்கும்போது, உடையோடு போடப்போகும் செருப்பையே போட்டு நிற்க வேண்டும்.

மடிப்புக்கு நேர்வெட்டு ஸ்கர்ட் என்றால் 5 செ.மீ., பேண்ட் என்றால் 4 செ.மீ. விடலாம். விரிந்த ஸ்கர்ட்டில் 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். அங்கே கீழ் ஓரத்தின் சுற்றளவு மேலே இருப்பதைவிட அதிகம் என்பதால், மடித்ததும் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும். வெட்டு விளிம்புக்கு அரை செ.மீ. உள்ளே நூலோட்டி (ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி நேராகத் தைத்து), மெல்ல இழுத்து, மிஞ்சும் துணியைச் சுற்றிலும் பரப்பி, நீராவி காட்டினால் அது படிந்துவிடும்.

பிசிறு வராமல் விளிம்பை மெஷினில் ஓவர்லாக் (விளிம்பைச் சுற்றிக் கட்டும் தையல்) அல்லது ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) அடியுங்கள். கனமான துணியில் விளிம்பை இரண்டாவது முறை உள்ளே மடிக்கவே கூடாது. அந்தத் தடிமன் வெளியே மேடாகத் தெரியும். பிறகு குறித்த கோட்டில் மடித்து, அடி மடிப்பை மட்டும் அயர்ன் செய்து, விளிம்புக்கு 1 செ.மீ. கீழே பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக நூலோட்டிக்கொள்ளுங்கள். குண்டூசியும் போதும், ஆனால் நூலோட்டினால் துணி நகராது.

ஊசி 9 அல்லது 10ஆம் எண், மெல்லியதாக. நூல் ஒற்றை இழை, சுமார் 45 செ.மீ.; அதைவிட நீளமானால் சிக்கும். சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் அடர்ந்ததை எடுங்கள். வெளிர் நூல் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

உடையின் உட்புறம் உங்களைப் பார்த்திருக்கட்டும். மடிப்பின் மேல் விளிம்பை அரை செ.மீ. உங்கள் பக்கம் மடக்கிப் பிடியுங்கள். தையல் இந்த இடுக்குக்குள் ஓடுவதால்தான் உள்ளேயும் தெரிவதில்லை, பேண்ட் போடும்போது கால் விரலும் மாட்டுவதில்லை. முடிச்சை மடிப்புத் துணியில் மறைத்துவிட்டு, வலமிருந்து இடமாகத் தையுங்கள் (இடக்கைக்காரர்கள் இதற்கு எதிர்த்திசையில்). உடையின் துணியில் ஒரே ஒரு இழையை, மிஞ்சினால் இரண்டை, ஊசி நுனியால் எடுங்கள். அங்கிருந்து 8 மி.மீ. முதல் 1 செ.மீ. வரை தள்ளி, மடக்கிய விளிம்பில் சின்னதாக ஒரு குத்து. மறுபடி உடையில் ஓரிழை. இப்படியே மாற்றி மாற்றிப் போகவேண்டும். நூல் படுத்திருந்தால் போதும். விறைப்பாக நிற்கக் கூடாது. சுமார் 10 செ.மீ.க்கு ஒருமுறை மடிப்புத் துணியில் மட்டும் ஒரு பின் தையல் (ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுப்பது) போட்டுவையுங்கள். எங்காவது நூல் அறுந்தால் அந்தத் துண்டு மட்டும் பிரியும்.

நான்கைந்து தையல் போட்டதும் திருப்பி வெளிப்புறத்தைப் பாருங்கள். குழி இருந்தால் ஓரத்தை இரு கையாலும் பிடித்து லேசாக நீட்டுங்கள். நூல் தளர்ந்து குழி மறையும். மறையாவிட்டால் அந்த இடத்தில் இழை அதிகமாக எடுத்திருக்கிறீர்கள், பிரித்துவிட்டு மறுபடி தைப்பதுதான் வழி. பனியன் துணி இழுபடும் என்பதால் அதற்கு இந்தத் தையல் ஒத்துவராது. எக்ஸ் வடிவத்தில் குறுக்கே போகும் ஹெர்ரிங்போன் தையல் அதனோடு சேர்ந்து நீளும். உள்ளே இருப்பது வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிய துணியில் மடிப்பின் விளிம்பே நிழலாகத் தெரியும், எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் மறைக்க முடியாது. அதற்கு 3 மி.மீ. அளவில் சுருட்டித் தைப்பதே நல்லது.

கடைசியில் தற்காலிக நூலோட்டத்தைப் பிரித்துவிட்டு, உட்புறமிருந்து அயர்ன் செய்யுங்கள். மேல் விளிம்பின்மீது பெட்டியை அழுத்தினால் அதன் தடம் வெளியே கோடாகப் பதியும். மடிப்புக்கும் உடைக்கும் நடுவே ஒரு காகிதப் பட்டையைச் செருகிக்கொண்டால் அந்தக் கோடு விழாது.