பேக்கப்பைப் புது ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றப்போகிறீர்களா?

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் டிசைன், பில் எல்லாம் 1 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தன. அது நிரம்பிவிட்டதால் போன வாரம் 4 டெராபைட் டிஸ்க்குக்கு மாற்றினேன்.

முதல் விஷயம், கட் செய்து பேஸ்ட் செய்யவே வேண்டாம். காப்பி மட்டும்தான். பாதியில் கரண்ட் போனாலும் பழைய டிஸ்க்கில் உள்ளது அப்படியே இருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள்.

விண்டோஸ் மட்டும் என்றால் புது டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் (NTFS) என்ற ஃபைல் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஆப்பிள் மேக்கிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் (exFAT). ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் அதில் ஏறாது.

யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள், பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும். நொடிக்கு 100 எம்பி போனாலும் 1 டெராபைட்டுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும்.

முடிந்ததும் இரண்டு டிஸ்க்கிலும் ஃபைல் எண்ணிக்கையையும் சைஸையும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்', அதாவது ஃபைல்கள் டிஸ்க்கில் பிடிக்கும் இடம், கொஞ்சம் மாறினால் பயப்பட வேண்டாம். அப்புறம் பழைய ஃபைல் நாலைந்தைத் திறந்தே பாருங்கள். பேக்கப் சாஃப்ட்வேரிலும் புது டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள். நான் அதை ஈரோட்டில் அண்ணன் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். நொய்யல் ஆற்றங்கரையோரம் குடோன் வைத்து வெள்ளத்துக்குப் பயப்படுபவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.