சிறிய டெரியர் நாயைக் குட்டிப் பருவம் முதல் முதுமை வரை பேணுதல்

ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்க்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, அது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உருவான நாய் அன்று என்பதே. டெரியர் என்ற பெயரே நிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் வெளியே விரட்டுவதுதான் அதன் பரம்பரைத் தொழில். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்த ஜான் ரஸ்ஸல் நரி வேட்டைக்காக வளர்த்த நாய்களின் வழித்தோன்றலான இந்த நாய் ஆறேழு கிலோ எடைதான் இருக்கும் என்றாலும், தன் உருவம் சிறியது என்பது அதற்குத் தெரியாது. கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாந்தோப்பின் ஓரத்தில் பதின்மூன்று ஆண்டுகளாக அப்படியொரு நாயுடன் வாழ்ந்து வருகிறேன். அதற்கு நேர்ந்த ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்தே வந்தன.

குட்டியை எட்டு வாரம் முடியும் முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த குட்டிக்கு மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பிறகு இரண்டு வேளையும் உணவு தர வேண்டும். சிறிய இனக் குட்டிகள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தள்ளாடி விழக்கூடும். நம் பக்கத்து வழக்கப்படி ராகிக் களியும் தயிர்ச் சோறும் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அவை மட்டும் போதா. அவித்த முட்டையோ எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியோ அன்றாடம் சேர வேண்டும். சின்ன வெங்காயமும் பூண்டும் இட்ட சாம்பார் சோறு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடியது.

குட்டிக்கு எந்தத் தண்ணீர் வைக்கிறோம் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. பல் உருவாகும் பருவத்தில் புளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் குழந்தையின் பல்லைக் கறைப்படுத்துவதுபோல் நாய்க்குட்டியின் பல்லையும் கெடுக்கும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரை விடுத்து, வீட்டார் குடிக்கும் காவிரி நீரையே குட்டிக்கும் வையுங்கள்.

தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, மருத்துவர் குறித்துத் தரும் நாளில் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். எலி பிடிக்கும் நாய் என்பதால், எலியின் சிறுநீர் வழியே பரவி மனிதரையும் தாக்கும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான தடுப்பூசியும் ஆண்டுதோறும் தேவை. குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடாமல், கையில் ஏந்திச் சென்று பேருந்தின் இரைச்சலையும் கோயில் மேளத்தையும் பழக்குங்கள். முதல் மூன்று மாதங்களில் பழகாத ஓசைக்குப் பிற்காலத்திலும் அஞ்சும் நாய்கள் உண்டு. தீபாவளியன்று அதன் விளைவைக் காணலாம்.

நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப் பற்கள் முளைக்கும். சிறிய இனங்களில் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நிற்பது உண்டு. அதை மருத்துவரே பிடுங்க வேண்டும். பெட்டை நாயானால் கருத்தடை அறுவைக்கு ஏற்ற வயதை அப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பெரிய தெரு நாயோடு சேர்ந்து சினையானால் இந்தச் சிறிய உடலுக்குப் பேறுகாலம் ஆபத்தாகலாம், அறுவை செய்யாத பெட்டைக்கு நடுவயதில் கருப்பையில் சீழ் பிடிப்பதும் அரிதன்று.

வளர்ந்த நாய்க்கு நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஓட்டமும் மோப்பம் பிடிக்கும் வேலையும் வேண்டும். கிடைக்காவிட்டால் தோட்டத்தைத் தோண்டி அந்த வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வேலியின் அடியில் ஓரடி ஆழத்துக்குக் கல் பதியுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டுமே வெளியே கொண்டுசெல்ல வேண்டும். தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அது நாயின் பாதத்துக்கும் பொறுக்காத சூடு. ஓசூர் மேட்டுநிலத்தில் இருப்போருக்கு இந்தத் தொல்லை சற்றுக் குறைவு.

வயலோர வீடுகளில் நான் மிகவும் அஞ்சுவது மூன்றை: பாம்பு, எலி மருந்து, உண்ணி. கண்ணாடி விரியனைக் கண்டால் டெரியர் பின்வாங்காது. கடிபட்டால் கட்டுப் போட்டும் கீறியும் நேரத்தைக் கழிக்காமல், நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு நச்சுமுறிவு மருந்து உள்ள இடத்துக்கு விரைய வேண்டும். எலி மருந்தில் ஒரு வகை இரத்தம் உறைவதைத் தடுப்பது. அதன் அறிகுறி தெரியவே சில நாளாகும், ஆனால் உரிய காலத்தில் வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்கும். துத்தநாக பாஸ்பைடு வகைக்கு முறிவு மருந்தே இல்லை. எனவே மருந்தின் உறையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உண்ணிக்கு மாட்டுக்குத் தடவும் மருந்தையே நாய்க்கும் ஊற்றுவது நம் ஊர்களில் சாதாரணம். ஆறேழு கிலோ உடலுக்கு அந்த அளவு உயிருக்கே உலை வைக்கும். எடை பார்த்து மருத்துவர் தரும் மாத்திரையே போதுமானது. நாய் உண்ணாமல், ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மாம்பழக் காலத்தில் கொட்டையையும் எட்டாமல் வைக்க வேண்டும். என் நாய்க்கு நான்கு வயதிருக்கும்போது அது தொடர்ந்து வாந்தி எடுத்தது. வெயில் சோர்வு என்று எண்ணி இரண்டு நாள் தாமதித்தேன். குடலை அடைத்திருந்த மாங்கொட்டையை அறுவை செய்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு நாள் தாமதத்தை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டெரியர்களில் கண் வில்லை இடம் நழுவும் பரம்பரை நோய் உண்டு. நடுவயதில் திடீரென்று கண் சிவந்து, கூசி, மங்கினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் முடியாத சிகிச்சைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பத்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு இருமுறை மருத்துவரிடம் காட்டி இதயம், சிறுநீரகம், பல் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரவில் இருமினால் இதய வால்வு நோயாக இருக்கலாம். தண்ணீர் அதிகம் குடித்து, வயிறு தொங்கி, முடி உதிர்ந்தால் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். மூட்டு வலிக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலையும் இபுப்ரூஃபெனையும் ஒருபோதும் தராதீர்கள். நம் மாவட்டத்துக் கிரானைட் பதித்த தரை பார்க்க அழகுதான், ஆனால் கிழ நாயின் கால் அதில் வழுக்கும்; அது நடமாடும் வழியெங்கும் சாக்கு விரித்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் படுக்கைக்குக் கீழே ஒரு பலகையும் மேலே ஒரு பழைய கம்பளியும் வேண்டும். காது மந்தமானபின் பின்னாலிருந்து தொட்டு எழுப்பாமல், முன்னே வந்து தரையை மெல்லத் தட்டுங்கள்; அதிர்வை உணர்ந்து அது கண் திறக்கும்.