சேறு நீலத்தை விழுங்கும், கேசரிக் கலரை விழுங்காது

சாயப் பட்டறைக் கழிவுநீரில் கடைசிவரை அடம்பிடிப்பது நிறம்தான். பல சாயங்களைக் கிருமிகளால் இலேசில் சிதைக்க முடியாது. அதனால் நுண்துளைக் கனிமங்களின் மேற்பரப்பில் அவற்றை ஒட்டவைத்துப் பிடிக்கிறார்கள். இதற்குப் பெயர் புறத்துறிஞ்சல். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

தம்பலகாமத்து வயற்கரையில் ஒரு கைபிடி களிமண் எடுங்கள். வெயிலில் காயவைத்து, இடித்து, பழைய தேத்தண்ணி வடியில் அரித்துக்கொள்ளுங்கள். அந்த வடி திரும்பக் குசினிக்குப் போகக்கூடாது. அலங்கார மீன் கடையில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் கிடைக்கும். கையுறை போடுங்கள்; விரலில் பட்டால் இலகுவில் போகாது. கடைக்காரர் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமக் கல்லையும் நீட்டுவார். அது தண்ணீரிலிருந்து அமோனியாவை எடுக்க நல்லது. ஆனால் அதன் துளைகள் ஒரு நனோமீற்றருக்கும் குறைவு, சாய மூலக்கூறு உள்ளே நுழையாது.

நாலு போத்தல்களில் ஒரே கிணற்றின் தண்ணீர், அரை லீற்றர் வீதம். இரண்டில் நீலம் மூன்று துளி, இரண்டில் கேசரிக் கலர் ஒரு சிட்டிகை. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி களிமண். மற்றது ஒப்பிட. அரை மணிநேரம் விட்டுவிட்டுக் குலுக்கி, இரவு முழுக்க அடையவிடுங்கள். கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரில் களி சீக்கிரம் அடையும்.

வடிகட்ட வேண்டாம். முதல் தடவை நான் பழைய வேட்டித் துணியில் வடித்து, தண்ணீர் தெளிந்துவிட்டதென்று துள்ளினேன். பிறகு துணியைப் பார்த்தால் அதுவே நீலம். பருத்தியும் இந்தச் சாயத்தைப் பிடிக்கும்.

காலையில் வெள்ளைக் கடுதாசி முன் வைத்துப் பாருங்கள். களி போட்ட நீலம் நன்றாக வெளிறியிருக்கும். கேசரி அநேகமாக அப்படியே இருக்கும். களிமண்ணின் நுண்ணிய தகடுகள் மறை மின்னேற்றம் (−) கொண்டவை, மெத்திலீன் நீலம் நேர் மின்னேற்றம் (+), ஆகவே ஒட்டிக்கொள்ளும். கேசரிக்குப் போடும் டாட்ராசின் என்ற மஞ்சள் சாயமும் மறையேற்றம், ஆகவே களி அதைத் தள்ளிவிடும். களியிலும் சாதி உண்டு: மன்னார் முருங்கன் களியில் உள்ள மொன்மொரிலோனைற்று என்ற களிக் கனிமம் நீரில் ஊதி விரியும். தூய மொன்மொரிலோனைற்று ஒரு கிராமில், தகடுகளின் இடைவெளியையும் சேர்த்தால், 700 சதுர மீற்றருக்கு மேல் பரப்பு இருக்கும்.

பீனோல், எண்ணெய் போன்றவற்றுக்கு வெறும் களி அவ்வளவாக உதவாது. நேரேற்றமுள்ள நீண்ட சங்கிலிச் சவர்க்காரப் பொருளை முதலில் களியில் ஏற்றுவார்கள். அதன் கொழுப்பு வால் அவற்றை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடியில் தங்கிய நீலச் சேற்றைக் கானில் ஊற்றாதீர்கள், எங்கள் வீதிக் கான் கடலில்தான் முடிகிறது. காயவைத்து, பையில் கட்டிக் குப்பையோடு கொடுங்கள்.