பழைய கணித லைப்ரரிகளைப் புது மொழியிலிருந்து அழைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது மொழி ஒன்று கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் அதிலேயே எழுதிப் பார்க்கத் தோன்றும். அணிப் பெருக்கல், நேரியல் சமன்பாடுகள், ஃபூரியே உருமாற்றம் இவற்றில் மட்டும் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நன்கு பழகிய லைப்ரரிகள் ஏற்கனவே இருக்கின்றன: அணிப் பெருக்கல் போன்ற அடிப்படைக் கணக்குகளுக்கான பிளாஸ் 1979-இல் வந்தது, நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் லாபேக் 1992-இல் வந்தது. மூன்று லூப் போட்டு எழுதிய பெருக்கலும் சரியான விடையைத் தரும்தான். ஆனால் பெரிய அணிகள் என்று வந்துவிட்டால், செயலியின் கேஷுக்கும் வெக்டார் கட்டளைகளுக்கும் ஏற்றபடி செதுக்கப்பட்ட பிளாஸ் வடிவமான ஓப்பன்பிளாஸின் வேகத்துக்கு அது பக்கத்தில்கூட வராது.

சரி, இருப்பதையே அழைக்கலாம். ரஸ்ட், கோ, ஜூலியா, ஜிக் எல்லாவற்றிலும் அதற்கு வழி இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், அந்த எல்லையைத் தாண்டியதும் உங்கள் மொழியின் டைப் சோதனை நின்றுபோகிறது. ஃபங்ஷன் இப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததை கம்பைலர் அப்படியே நம்பும். அது தவறாக இருந்து புரோகிராம் உடனே விழுந்தால் உங்கள் நல்ல நேரம். விழாமல் ஓடி, பார்வைக்குச் சரியாகத் தெரியும் ஒரு தவறான விடையைத் தந்தால்தான் ஆபத்து.

அதில் முதலிடம் அணி நினைவகத்தில் அடுக்கப்படும் முறைக்கு. லாபேக் எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் மொழி நிரல் (column) நிரலாக அடுக்கும். சி-யும் ரஸ்டின் என்டிஅரே போன்ற அணி லைப்ரரிகளும் வழக்கமாக நிரை (row) நிரையாக அடுக்கும். முதல் நிரை 1, 2, 3, இரண்டாம் நிரை 4, 5, 6 என்ற அணியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் அது 1 2 3 4 5 6 என்று கிடக்கும். அதை 2×3 அணி என்று சொல்லி லாபேக்கிடம் கொடுத்தால், அது முதல் நிரையை 1, 3, 5 என்றும் இரண்டாவதை 2, 4, 6 என்றும் படிக்கும். சதுர அணியாக இருந்தால், நிரை நிரல் மாற்று அணியைக் கொடுத்ததாக ஆகிவிடும். லாபேக்கில் சமன்பாடு தீர்க்கும் ஃபங்ஷனான டிஜெஸ்வி எந்தப் புகாரும் இல்லாமல் வேறொரு சமன்பாட்டைத் தீர்த்துக் கொடுத்துவிடும்.

இந்தத் தவறு டெஸ்டிலும் தப்பித்துவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பலர் அலகு அணியையோ சமச்சீர் அணியையோ வைத்துச் சோதிக்கிறார்கள். அவற்றை நிரை நிரல் மாற்றினாலும் அதே அணிதான் வரும், அதனால் டெஸ்ட் எப்போதும் பாஸ் ஆகும். எனவே சமன்பாட்டுக்குச் சமச்சீர் இல்லாத அணியையும், பெருக்கலுக்குச் சதுரம் அல்லாத அணிகளையும் கொடுத்துப் பாருங்கள். சரிசெய்ய எப்போதும் நகலெடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஏ × பி என்ற பெருக்கலில் இரண்டு அணிகளையும் இடம் மாற்றி, பி-யை முன்னால், ஏ-யைப் பின்னால் கொடுத்தால், வரும் விடை உங்கள் நிரை அடுக்கிலேயே சரியாக உட்கார்ந்துவிடும்.

அடுத்தது முழு எண்ணின் அளவு. ஒரே ஓப்பன்பிளாஸை 32 பிட் முழு எண்களோடும் 64 பிட் முழு எண்களோடும் கட்டலாம். லைப்ரரி 32 பிட், நீங்கள் அனுப்புவது 64 பிட் என்று வைத்துக்கொள்வோம். இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான செயலிகளில் தனி எண்கள் தற்செயலாக வேலை செய்துவிடும், ஏனென்றால் கீழ்ப்பாதி பிட்டுகள்தான் நினைவகத்தில் முதலில் வரும். வரிசைகளில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. டிஜெஸ்வி எந்த நிரையை எதோடு மாற்றியது என்பதை ஒரு வரிசையில் எழுதித் தரும். 2, 2 என்று வரவேண்டிய இடத்தில் 8589934594 என்று ஒரு எண்ணைப் பார்த்தால், இரண்டு 32 பிட் எண்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிகின்றன என்று புரிந்துகொள்ளுங்கள். அப்புறம், அந்த நிரை எண்கள் 1-இலிருந்து தொடங்குபவை. உங்கள் மொழி 0-இலிருந்து எண்ணினால் ஒன்றைக் கழிக்க மறக்காதீர்கள்.

ஃபோர்ட்ரானை நேரடியாக அழைப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. அணியின் மேல் முக்கோணமா கீழ் முக்கோணமா என்று சொல்லும் 'யூ', 'எல்' போன்ற ஓர் எழுத்தை அனுப்பும்போது, அந்தச் சரத்தின் நீளத்தையும் கண்ணுக்குத் தெரியாத கடைசி ஆர்குமென்டாக ஃபோர்ட்ரான் எதிர்பார்க்கும். அதை விட்டுவிட்டே பல ஆண்டுகள் எல்லோரும் அழைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. 2019-இல் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரின் ஓர் ஆப்டிமைசேஷனால் ஆர் மொழியிலிருந்து லாபேக்கை அழைத்த இடங்களில் ஸ்டாக் கெட்டுப்போய்ப் பிரச்சினை வெளியே வந்தது. முடிந்தவரை சிபிளாஸ், லாபேக்-ஈ என்ற சி இடைமுகங்கள் வழியாகவே போங்கள். லாபேக்-ஈ-யிடம் நிரை அடுக்கு என்று சொன்னால் அது உள்ளே நகலெடுத்து மாற்றிக்கொள்ளும். கொஞ்சம் நினைவகம் செலவானாலும், தொடங்குபவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

கொடுத்த அணி அப்படியே திரும்பி வரும் என்றும் நினைக்காதீர்கள். டிஜெஸ்வி உங்கள் அணியின் மேலேயே அதன் எல்-யூ காரணிகளை (கீழ், மேல் முக்கோண அணிகளை) எழுதிவிடும். ரஸ்டில் அதை மாற்றமுடியாத ரெஃபரன்ஸாக அறிவித்தால், கம்பைலரிடம் பொய் சொல்கிறீர்கள். அது திருப்பித் தரும் இன்ஃபோ மதிப்பையும் கட்டாயம் பாருங்கள். குறை எண் வந்தால் அத்தனையாவது ஆர்குமென்ட் தவறு. மிகை எண் வந்தால் யூ-வின் மூலைவிட்டத்தில் அந்த இடத்தில் சரியாகப் பூச்சியம் வந்து தீர்வு கணக்கிடப்படவில்லை. 0 வந்துவிட்டதாலேயே விடை நம்பகமானது என்றும் ஆகாது. அணி எவ்வளவு மோசமான நிலையில் இருக்கிறது என்று தெரிய டிஜெஸ்வியின் விரிவான வடிவமான டிஜெஸ்விஎக்ஸ் தரும் ஆர்கான்ட் மதிப்பைப் பார்க்க வேண்டும்; அது பூச்சியத்தை நெருங்க நெருங்க நிலை மோசம்.

ஃபூரியே உருமாற்றத்துக்கான லைப்ரரியான எஃப்எஃப்டிடபிள்யூ-வில் இதே மாதிரி ஒரு பழக்கம் உண்டு. எந்த வழி வேகமானது என்று ஓட்டிப் பார்க்கும் மெஷர் முறையில் கணக்கிடும் திட்டம் தயாரிக்கும்போது வரிசைகளில் இருப்பதை அது அழித்துவிடும், ஆகவே முதலில் திட்டம், பிறகு தரவு. முன்னும் பின்னும் உருமாற்றினால் ஒவ்வொரு மதிப்பும் வரிசையின் நீளத்தால் பெருகி வரும், நீங்கள்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஜிஎஸ்எல் என்ற கணித லைப்ரரி, பிழை ஏற்பட்டால் தானாகவே முழுப் புரோகிராமையும் நிறுத்திவிடும். அதன் எரர் ஹேண்ட்லரைத் தொடக்கத்திலேயே அணைத்துவிட்டு, திரும்பி வரும் குறியீட்டை உங்கள் மொழியின் பிழை வகையாக மாற்றுங்கள். ஜிஎஸ்எல், எஃப்எஃப்டிடபிள்யூ இரண்டும் ஜிபிஎல் என்ற, உங்கள் மூலக் குறியீட்டையும் திறக்கச் சொல்லக்கூடிய உரிமத்தில் வருபவை என்பதையும் தயாரிப்பில் சேர்க்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

த்ரெட்கள் விஷயத்தில் பலர் வேகத்துக்கு ஆசைப்பட்டு வேகத்தை இழக்கிறார்கள். நீங்கள் 8 த்ரெட் தொடங்கி, ஒவ்வொன்றும் அழைக்கும் பிளாஸ் தன் பங்குக்கு 8 தொடங்கினால், 8 கோர் உள்ள இயந்திரத்தில் 64 த்ரெட்கள் இடத்துக்கு அடித்துக்கொள்ளும். வெளியே பிரித்து வேலை செய்கிறீர்கள் என்றால் உள்ளே ஒன்று போதும். ஓப்பன்பிளாஸில் அதைச் சூழல் மாறி வழியாகச் சொல்வதானால் புரோகிராம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். லைப்ரரி ஏற்றப்படும்போதே அந்த மதிப்பைப் படித்துவிடும், பிறகு மாற்றினால் கண்டுகொள்ளாது.